லைவ் சென்டர் உறுமுகிறது: பேரிங்கை மாற்றுவதா, சென்டரையே மாற்றுவதா?

தேக்குத்தூள், ரங்கூன்

அனைவருக்கும் வணக்கம். வடக்கு ஒக்கலாப்பாவில் வீட்டை ஒட்டிய தகரக் கொட்டகையில் சீனத் தயாரிப்பான மரக்கடைசல் லேத் ஒன்றை நான்கு ஆண்டுகளாக ஓட்டி வருகிறேன். மாடிப்படித் தூண்கள், கட்டில் கால்கள், அவ்வப்போது கோயில் வேலை என்று, இரண்டு முனைகளுக்கும் இடையில் பிடித்துக் கடையும் நீள வேலைகளே எனக்குப் பெரும்பாலும் வருகின்றன. இப்போது எங்கள் வட்டாரத்து மாரியம்மன் கோயில் பல்லக்குக்காக 24 சிறு தூண்களைக் கடைந்து தர ஒப்புக்கொண்டிருக்கிறேன். ஒன்பது தூண்கள் முடிந்த நிலையில், டெயில்ஸ்டாக்கில் (லேத்தின் வலப்பக்கத் தாங்கியில்) இருக்கும் லைவ் சென்டர், அதாவது மரத்தின் முனையைத் தாங்கி அதனோடு சேர்ந்து சுழலும் கூர், தகராறு செய்யத் தொடங்கிவிட்டது.

லேத் ஓடும்போது அம்மியில் மணல் அரைபடுவது போன்ற ஓசை கேட்கிறது. பத்து நிமிடத்தில் சென்டரின் மூக்கு கை வைக்க முடியாத அளவுக்குச் சூடாகிறது. நிறுத்திவிட்டு விரலால் உருட்டிப் பார்த்தால், சீராகச் சுழலாமல் சில இடங்களில் தட்டித் தட்டி நிற்கிறது. இவற்றோடு, தூணின் மெல்லிய நடுப்பகுதியில் திருகாணி மரை போலச் சாய்ந்த வரிகள் விழுகின்றன. அவற்றை உப்புத்தாளால் தேய்த்து எடுப்பதற்கே கடைவதைவிட அதிக நேரம் ஆகிறது.

சென்டர் லேத்துடன் வந்தது. டெயில்ஸ்டாக்கில் செருகும் தண்டு மோர்ஸ் டேப்பர் 2 என்னும் சரிவு அளவு; மரத்தில் பதியும் மூக்கு 60 பாகைக் கூர். முன்புற மூடியில் எதிரெதிராக இரண்டு சிறு துளைகள் இருப்பதால் பிரிக்க முடியும் என்று நினைக்கிறேன். பிரித்துப் பேரிங்கை மாற்றலாமா, அல்லது அது வீண் வேலையா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொல்ல வேண்டும்.


பெகு பட்டறை, பகோ

தம்பி, நான் ஒளிக்காமல் சொல்கிறேன். லேத்துடன் இலவசமாக வரும் சென்டரைப் பிரித்துச் சரிசெய்வது, கிழிந்த சாக்குக்குப் பட்டு நூலால் தையல் போடுவது போன்றது. கோயில் வேலையைக் கையில் வைத்துக்கொண்டு சோதனை செய்யாதீர்கள். புதிது ஒன்றை வாங்கி வேலையை முடித்துவிட்டு, பழையதைப் பிறகு நிதானமாகப் பிரித்துப் பாருங்கள்.


இரும்புத்தச்சன், மோல்மீன்

பெகு அண்ணன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஆனால் பழைய சென்டர் ஏன் கெட்டது என்று தெரியாமல் புதிதை மாட்டினால், அதுவும் ஓராண்டில் இதே பாட்டைத்தான் பாடும். நான் இரும்பு லேத் பட்டறையில் முப்பது ஆண்டுகள் வேலை பார்த்தவன்; மரக்கடைசல்காரர்கள் கொண்டுவந்த சென்டர்களைப் பலமுறை பிரித்திருக்கிறேன். அவற்றில் ஓடித் தேய்ந்து செத்தவை மிகக் குறைவு. பெரும்பாலானவற்றைக் கொன்றது, சென்டரை மரத்தின் மேல் அழுத்தும் டெயில்ஸ்டாக் கைச்சக்கரத்தைப் பிடித்த கைதான்.

பிரிப்பதற்கு முன் மூன்று சோதனைகளைச் செய்யுங்கள், தம்பி.

சென்டரைக் கழற்றிக் காதருகே வைத்து மெதுவாக உருட்டுங்கள். இங்கே ஒரு தவறான நம்பிக்கையைச் சொல்லியாக வேண்டும். விரலால் சுண்டிவிட்டால் நெடுநேரம் சுற்றும் சென்டரே நல்லது என்று பலர் எண்ணுகிறார்கள். உண்மையில், கிரீஸ் நிரம்பிய நல்ல பேரிங் அந்தக் கிரீஸின் இழுப்பினால் ஒன்றிரண்டு சுற்றிலேயே அடங்கிவிடும். காய்ந்துபோன பேரிங்தான் கிலுகிலுப்பை போலச் சுற்றிக்கொண்டே இருக்கும். எனவே எவ்வளவு நேரம் சுற்றுகிறது என்பதைப் பார்க்காமல், எப்படிச் சுற்றுகிறது என்பதைக் கவனியுங்கள். மூக்கை முன்னும் பின்னும் இழுத்துப் பார்க்கும்போது ஆட்டம் தெரிகிறதா என்பதையும் கவனியுங்கள்.

அடுத்தது தண்டு அமரும் குழி. தண்டின் நீளவாக்கில் மார்க்கர் பேனாவால் மூன்று கோடுகள் போட்டு, டெயில்ஸ்டாக்கில் அழுத்திச் செருகி, இலேசாகத் திருப்பி வெளியே எடுங்கள். கோடுகள் முழு நீளத்துக்கும் அழிந்திருந்தால் அமர்வு சரியாக இருக்கிறது என்று பொருள். வாய்ப்பக்கத்தில் மட்டும் அழிந்திருந்தால் தண்டின் வால் உள்ளே அந்தரத்தில் ஆடுகிறது; அப்போது தங்கத்தில் செய்த சென்டரை மாட்டினாலும் ஓசை போகாது.

மூன்றாவதாக, அந்தச் சாய்ந்த வரிகள். அவற்றுக்குச் சென்டரைக் குறை சொல்ல அவசரப்படாதீர்கள். மெல்லிய மரத்தை இரண்டு முனையிலிருந்தும் நெருக்கினால் அது வில்லாக வளையும். வளைந்த மரம் சுழலும்போது உளியின் மேல் துள்ளும். அந்தத் துள்ளல்தான் வரிகளாகப் பதிகிறது. கைச்சக்கரத்தைக் கால் சுற்றுத் தளர்த்திவிட்டுக் கூரிய உளியால் மெல்லிய சீவல் ஒன்றை எடுத்துப் பாருங்கள்.


தேக்குத்தூள், ரங்கூன்

ஐயா, தாங்கள் சொன்ன மூன்றையும் நேற்று மாலை மின்சாரம் இருந்த நேரத்தில் செய்து பார்த்தேன்.

சென்டரின் உள்ளே சந்தேகமில்லாமல் கோளாறு இருக்கிறது. நண்பரிடம் டயல் கேஜ் (நுண்ணிய அசைவை அளக்கும் கருவி) இரவல் வாங்கி அளந்ததில் முன்பின் ஆட்டம் 0.15 மில்லிமீட்டர் காட்டியது. மார்க்கர் கோடுகள் வாய்ப்பக்கத்தில் ஒரு விரற்கடை அளவுக்கு மட்டுமே அழிந்திருந்தன. குழிக்குள் விளக்கடித்துப் பார்த்தால் வட்டமாக ஒரு கீறல் தெரிகிறது. கடந்த மழைக்காலத்தில் ஒருமுறை சென்டர் தண்டோடு சேர்ந்து குழிக்குள் சுழன்றது நினைவுக்கு வருகிறது. அன்று அது மறுபடி சுழலக்கூடாது என்பதற்காகச் சக்கரத்தை இன்னும் இறுக்கினேன். அவ்வளவுதான் எனக்குத் தோன்றியது.

சாய்ந்த வரிகளைப் பற்றித் தாங்கள் சொன்னது அப்படியே நடந்தது. தளர்த்தியதும் முக்கால் பங்கு வரிகள் மறைந்துவிட்டன. வெட்கமாகத்தான் இருக்கிறது.


இரும்புத்தச்சன், மோல்மீன்

வெட்கப்பட ஒன்றுமில்லை. அன்று தண்டு சுழன்றதற்குக் காரணம் உள்ளே இருந்த பேரிங் இறுகத் தொடங்கியதாக இருக்க வேண்டும். மூக்கு சுழல மறுத்தால் மரம் முழுச் சென்டரையும் இழுத்துச் சுற்றத்தான் பார்க்கும். அதற்கு நீங்கள் கொடுத்த மருந்து நோயையே வளர்த்துவிட்டது. எப்படி என்று ஒரு கணக்கைச் சொல்கிறேன்.

உங்கள் கைச்சக்கரத்தின் ஆரம் 60 மில்லிமீட்டர் என்றும், அதன் திருகு ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீட்டர் முன்னேறுகிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஒரு சுற்றில் உங்கள் கை ஏறத்தாழ 377 மில்லிமீட்டர் நகர்கிறது. சென்டர் 3 மில்லிமீட்டர் நகர்கிறது. ஆகவே கையின் விசை சுமார் 125 மடங்காகப் பெருகுகிறது. 10 கிலோ எடையைத் தூக்கும் அளவுக்கு நீங்கள் சக்கரத்தை இழுத்தால், கணக்குப்படி 1,250 கிலோ அழுத்தம் கிடைக்க வேண்டும். திருகின் உராய்வு இதில் முக்கால் பங்கைத் தின்றுவிடும் என்று தாராளமாக விட்டுக்கொடுத்தாலும் 300 கிலோ எஞ்சுகிறது.

இனிப் பேரிங்கின் பக்கம் வாருங்கள். இந்த வகைச் சென்டர்களின் முன்புறத்தில் நான் அதிகம் பார்த்தது 6202 என்னும் சாதாரணக் குண்டுப் பேரிங். உள்விட்டம் 15, வெளிவிட்டம் 35, அகலம் 11 மில்லிமீட்டர். அதன் நிலைச்சுமைத் திறன், அதாவது சுழலாமல் நிற்கும்போது தாங்கும் சுமை, 3.75 கிலோநியூட்டன் (சுமார் 380 கிலோ எடை) என்று தயாரிப்பாளர் அட்டவணையில் இருக்கும். ஆனால் அது ஆரவாட்டில், அதாவது பக்கவாட்டிலிருந்து வரும் சுமைக்கான கணக்கு. அச்சின் திசையில் அழுத்தும்போது அதில் பாதிக்கு மேல் போகக்கூடாது என்பது பொது விதி. பாதி என்றால் ஏறக்குறைய 190 கிலோ. உங்கள் கை 300 கிலோவை எளிதாகக் கொடுத்துவிடுகிறது. இறுக்கும்போது லேத் நின்றுகொண்டிருப்பதால், அந்தச் சுமை முழுவதும் குண்டுகள் நிற்கும் அதே இடங்களில் இறங்கித் தடத்தில் பள்ளம் பதிக்கிறது.

தேக்கு என்றால் மூக்கு மரத்துக்குள் புதைந்து அழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்துவிடும். பியிங்காடோ மரம் அப்படி விட்டுக்கொடுக்காது. நம் தமிழில் இருள் மரம் என்று சொல்லும் அந்த மரத்தைப் பச்சையாகத் தண்ணீரில் போட்டால் மூழ்கிவிடும், அத்தனை அடர்த்தி. அதில் கட்டில் கால் கடைகிறவர்களின் சென்டர்கள்தான் என்னிடம் முதலில் வந்து சேரும்.

குழியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மோர்ஸ் டேப்பர் 2 தண்டு, 20 மில்லிமீட்டர் நீளத்துக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் விட்டம் குறைகிறது. இவ்வளவு மெல்லிய சரிவாக இருப்பதால்தான் எந்தப் பூட்டும் இல்லாமல் உராய்விலேயே பிடித்துக்கொள்கிறது. அதனால்தான் ஒரு சிறு பிசிறோ ஒரு துணுக்குச் சீவலோ உள்ளே இருந்தாலும் பிடிப்புக் கெட்டுவிடுகிறது. குழியை உப்புத்தாள் சுற்றிய குச்சியால் தேய்க்காதீர்கள். வாய் அகன்று இன்னும் மோசமாகும். அந்த அளவுக்கே உரிய கை ரீமர் (குழியின் உட்புறத்தைச் சீவிச் சீராக்கும் கருவி) ஒன்று என்னிடம் இருக்கிறது. பேருந்தில் அனுப்பி வைக்கிறேன். எண்ணெய் தடவி, ஒரே திசையில், பிசிறு போகும் வரை மட்டும் இரண்டு மூன்று சுற்றுத் திருப்பினால் போதும். புதுக் குழி வெட்டுவது போல அழுத்தக்கூடாது.


பசீன் குடை, பாத்தேன்

பெரியவர்களுக்கு நடுவில் நானும் ஒன்றைச் சொல்லலாமா? எங்கள் ஊரில் குடைக் காம்புகளையும் குமிழ்களையும் கடைகிறோம். என் தந்தையார் காலத்தில் லைவ் சென்டர் என்ற பேச்சே கிடையாது. கெட்டியான டெட் சென்டர் ஒன்றும், ஒரு துண்டுத் தேன்மெழுகும்தான் இருந்தன. மரத்தின் முனையில் மெழுகை வைத்து அழுத்தினால் அரை நாள் ஓடும். சுழலாத கூரில் ஆட்டம் என்பதே இல்லாததால், மரத்தைக் கழற்றி மறுபடி மாட்டினாலும் மையம் மாறாது. பல்லக்குத் தூண் போன்ற நுண்ணிய வேலைக்கு இதையே பயன்படுத்திவிட்டுப் பேரிங் தொல்லையை ஒழித்துவிடலாமே!


பெகு பட்டறை, பகோ

குடைக்காரத் தம்பி, உங்கள் காம்பு விரல் தடிமன், சுழற்சியும் மெதுவானது. இவருடைய தூண் அப்படியல்ல. நிமிடத்துக்கு 1,500 சுற்றில் மெழுகு உருகி ஓடிவிடும். பிறகு மரம் கருகி, துளை பெரிதாகி, புகை வரும். நானே கருக்கியிருக்கிறேன். அவசரத்துக்கு வேகத்தைக் குறைத்துக்கொண்டு ஓட்டலாம் என்பதை மட்டும் ஒப்புக்கொள்கிறேன்.

தேக்குத்தூள் தம்பி பிரிக்கத்தான் போகிறார் என்பது தெரிந்துவிட்டது. அப்படியானால் முன்புறத்தில் மறுபடியும் 6202 போட வேண்டாம். அதே அளவில் 7202 என்ற கோணத் தொடர்புப் பேரிங் கிடைக்கிறது. அது அச்சுத்திசைச் சுமைக்கென்றே செய்யப்பட்டது. ஆனால் ஒரு பக்கத்திலிருந்து வரும் சுமையை மட்டும்தான் தாங்கும். திருப்பி மாட்டினால் மாட்டாததற்குச் சமம். வெளி வளையத்தின் தடித்த விளிம்பு தண்டின் பக்கம் பார்த்து அமர வேண்டும். ரங்கூனில் வாங்கும்போது பெட்டியைப் பார்த்து ஏமாறாதீர்கள். பெயர் பெற்ற நிறுவனத்தின் பெட்டியில் போலியை வைத்து ஒரு கடையில் என்னிடம் விற்றார்கள். வளையத்தில் பொறித்திருந்த எழுத்துகள் நகத்தால் சுரண்டியதும் உதிர்ந்தன.


தேக்குத்தூள், ரங்கூன்

பிரித்துவிட்டேன். கண்டவற்றை வரிசையாகச் சொல்கிறேன். சற்று நீளமாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

மூடியைத் திறப்பதுதான் பெரும்பாடாக இருந்தது. இரண்டு துளைகளில் பொருந்தும் ஸ்பேனர் என்னிடம் இல்லை. ஒரு தட்டை இரும்புப் பட்டையில் இரண்டு துளையிட்டு, பழைய துரப்பண அலகுகளின் தண்டுகளை வெட்டி அடித்து, அதையே ஸ்பேனராக்கிக்கொண்டேன். முதல் முயற்சியில் மூடி அசையவில்லை. சென்டரின் உடலை வைஸில் இரண்டு தேக்குத் துண்டுகளுக்கு நடுவில் பிடித்து, மூடியின் விளிம்பில் மண்ணெண்ணெய் விட்டு ஓர் இரவு வைத்த பிறகு, மறுநாள் காலையில் ஒரே இழுப்பில் கழன்றது. தண்டை நேரடியாக வைஸில் பிடித்திருந்தால் டேப்பரில் பல் பதிந்திருக்கும் என்பதால் அதைத் தவிர்த்தேன்.

மூடிக்குள் ஒரு சர்க்கிளிப் (பூட்டு வளையம்) இருந்தது. அதை எடுத்ததும், தண்டின் பின்பக்கத் துளை வழியாக ஒரு பித்தளைக் கம்பியை விட்டு இலேசாகத் தட்ட, மூக்கும் இரண்டு பேரிங்குகளும் சேர்ந்து வெளியே வந்தன. ஐயா ஊகித்தபடியே முன்புறத்தில் 6202. பின்புறத்தில் 12 மில்லிமீட்டர் உள்விட்டமுள்ள 6001. இரண்டிலும் இருப்பது தகரக் கவசம் மட்டுமே.

முன் பேரிங்கின் கவசத்தைப் பெயர்த்துப் பார்த்தபோது கிரீஸ் என்று சொல்லத்தக்க எதுவும் அங்கே இல்லை. நல்லெண்ணெயும் வெல்லமும் கலந்து பிசைந்தது போன்ற ஒரு பழுப்புப் பசைதான் இருந்தது. எல்லாம் தேக்குத்தூள், நான் இங்கே வைத்துக்கொண்ட பெயர் எனக்கே பலித்துவிட்டது. மண்ணெண்ணெயில் கழுவிவிட்டு உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். வளையத்தின் தடத்தில், ஒரு பக்கமாக ஒதுங்கி, சம இடைவெளியில் மங்கலான பள்ளங்கள் தெரிந்தன. எண்ணிப் பார்த்தால் குண்டுகளின் எண்ணிக்கையும் பள்ளங்களின் எண்ணிக்கையும் ஒன்றாகவே இருந்தன. ஆனால் அவற்றில் சில பள்ளங்களின் ஓரத்தில் செந்துரு நிறத்தில் ஒரு மெல்லிய பொடி இருந்தது. இறுக்கியதால் பதிந்த பள்ளத்தில் துருப்பொடி ஏன் வர வேண்டும் என்பது எனக்கு விளங்கவில்லை. பின் பேரிங் ஏறத்தாழ நன்றாகவே இருந்தது.


இரும்புத்தச்சன், மோல்மீன்

பொடியைக் கவனித்தீர்களே, அது நல்ல கண். ஒரு கேள்வி கேட்கிறேன். உங்கள் ஜெனரேட்டர் எங்கே இருக்கிறது?


தேக்குத்தூள், ரங்கூன்

கொட்டகைக்கு உள்ளேயேதான், ஐயா. லேத் நிற்கும் அதே சிமென்ட் தரையில், நான்கு முழம் தள்ளி இருக்கிறது. அதன் சக்தி வீட்டு விளக்குக்கும் தண்ணீர் மோட்டாருக்கும் மட்டுமே போதும். லேத்தை அதில் ஓட்டுவதில்லை. கடைந்துகொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விட்டால் மரத்தை அப்படியே சென்டர்களுக்கு நடுவில் விட்டுவிட்டு ஜெனரேட்டரைப் போட்டுவிடுவேன். மின்சாரம் மறுபடி வரும் வரை, சில நாள்களில் இரவு முழுவதும், மரம் அப்படியே நிற்கும்.


இரும்புத்தச்சன், மோல்மீன்

அப்படியானால் விடை கிடைத்துவிட்டது என்றே நினைக்கிறேன். பேரிங்குக்கு ஓடுவதைவிட, சுமையோடு அசையாமல் நின்று அதிர்வதுதான் ஆபத்து. ஓடும்போது குண்டுகள் கிரீஸைத் தமக்கு அடியில் இழுத்துக்கொண்டே போகின்றன. நின்றுகொண்டிருக்கும்போது தரையிலிருந்து வரும் அதிர்வு, குண்டை அதே இடத்தில் மயிரிழை அளவுக்கு முன்னும் பின்னும் தேய்க்கிறது. அடியில் இருந்த கிரீஸ் பிதுங்கி விலகுகிறது. இரும்போடு இரும்பு உராய்கிறது. அந்தத் துகள் காற்றில் துருவாகிச் செம்பொடியாகிறது. லாரியிலும் கப்பலிலும் நெடுந்தூரம் ஏற்றிச் செல்லப்படும் இயந்திரங்கள், ஒரு நாள்கூட ஓடாமலேயே பேரிங் கெட்டு வந்து சேருவதற்கும் இதுவே காரணம்.

உங்களுடைய சென்டருக்கு இறுக்கம், தூள், அதிர்வு என்று மூன்றும் சேர்ந்து வந்திருக்கின்றன. இனி மின்சாரம் போனால் விளக்கைத் தேடுவதற்கு முன் கைச்சக்கரத்தை ஒரு சுற்றுத் தளர்த்துங்கள். ஜெனரேட்டரின் அடியில் பழைய டயர்த் துண்டுகளைப் போடுங்கள்; முடிந்தால் கொட்டகைக்கு வெளியே தள்ளுங்கள். உள்ளே ஓட்டினால் வரும் புகை பேரிங்கைவிட உங்களுக்கே அதிகக் கேடு.

பேரிங்கைப் பொறுத்தவரை பெகு அண்ணனோடு நான் ஒத்துப்போகவில்லை. 7202 அழுத்தத்துக்கு நல்லது என்பதில் ஐயமில்லை. ஆனால் நம் கடைகளில் கிடைப்பது பெரும்பாலும் இரண்டு பக்கமும் திறந்த பேரிங். தேக்கு மரத்துக்குள் சிலிக்கா இருக்கிறது. உளி சீக்கிரம் மழுங்குவதற்குக் காரணமான அதே சிலிக்காதான் தூளோடு சேர்ந்து பேரிங்குக்குள் போய் அரைக்கிறது. திறந்த பேரிங்கை அந்தத் தூளில் வைப்பது கண்ணைத் திறந்துகொண்டு புழுதிக்காற்றில் நிற்பது போன்றது. ரப்பர் அடைப்பு இரண்டு பக்கமும் உள்ள 6202 போடுங்கள். எண்ணுக்குப் பின்னால் 2ஆர்எஸ் என்று இருக்கும். இசட்இசட் என்று இருந்தால் அது தகரக் கவசம், வேண்டாம்.


பெகு பட்டறை, பகோ

மோல்மீன் ஐயா சொன்ன தூள் கணக்கை ஏற்கிறேன். ஆனாலும் 7202க்கு முன்னால் ஒரு கம்பளித் துணி வளையத்தை எண்ணெயில் நனைத்து வைத்து நான் மூன்று ஆண்டுகளாக ஓட்டுகிறேன். அது இன்னும் அமைதியாகத்தான் ஓடுகிறது. இளைஞர் கை கட்டுப்பாட்டோடு இறுக்கும் என்று நம்பி அவர் 6202க்குப் பரிந்து பேசுகிறார். எனக்கு என் கையின் மேலேயே அந்த நம்பிக்கை இல்லை.


பழைய உளி, தாட்டோன்

குறுக்கே ஒரு சிறு கேள்வி. பேரிங்கை மாற்றாமல், மூடியின் இடுக்கில் வாரத்துக்கு ஒருமுறை இரண்டு சொட்டுத் தையல் மெஷின் எண்ணெய் விட்டால் போதாதா? நான் அப்படித்தான் செய்து வருகிறேன்.


இரும்புத்தச்சன், மோல்மீன்

கிரீஸ் பேரிங்கில் எண்ணெய் விட்டால் முதல் நாள் ஓசை குறையும். அதனால் பயன் இருப்பது போலத் தோன்றும். ஆனால் அந்த எண்ணெய் கிரீஸைக் கரைத்து வெளியே கொண்டுவருகிறது. வெளியே வந்த எண்ணெயில் தூள் ஒட்டுகிறது. ஒட்டிய தூள் உள்ளே போகிறது. எண்ணெய் விடுவதற்கென்றே துளையும் திருகும் உள்ள சென்டர்கள் உண்டு, அவற்றுக்கு விடுங்கள். மற்றவற்றில் விட வேண்டாம்.


தேக்குத்தூள், ரங்கூன்

நேற்றோடு வேலை முடிந்தது. ஐயா சொன்ன ரப்பர் அடைப்புள்ள 6202, 6001 இரண்டையும் வாங்கினேன். பெகு அண்ணன் மன்னிக்க வேண்டும். 7202 தேடிய மூன்று கடைகளில் கிடைக்கவில்லை.

பேரிங்கை ஏற்றுவதற்கு என்னிடம் பிரஸ் கிடையாது. மூக்குத் தண்டை இரவு முழுவதும் குளிர்பெட்டியின் பனி அறையில் வைத்தேன். காலையில் எடுத்ததும், உள் வளையத்தில் மட்டும் அமரும்படி ஒரு குழாய்த் துண்டை வைத்து வைஸில் நெருக்க, பேரிங் இரண்டும் தண்டில் சிரமமில்லாமல் ஏறின. சென்டரின் உடலுக்கு எதிர் வைத்தியம் செய்தேன். பொரி வறுக்கும் கடாயில் ஆற்றுமணலைச் சூடாக்கி அதில் புதைத்து வைத்தேன். மேலே ஒரு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் சீறாமல் மெதுவாக ஆவியாகும் அளவுக்கு மட்டுமே சூடேற்றினேன். ரப்பர் அடைப்பு கெட்டுவிடும் என்ற பயம்தான். கையுறையோடு உடலைப் பிடித்துக்கொண்டு மூக்கைச் செருகியபோது தானாகவே அடி வரை இறங்கி 'டொக்' என்று அமர்ந்தது. மனைவி தன் கடாயைத் திரும்பக் கேட்டபோது மணலைச் சலித்துக் கொட்டிக் கழுவிக் கொடுத்தேன். இருந்தும் எனக்குப் புதுக் கடாய் ஒன்று வாங்கும் செலவு வந்து சேர்ந்திருக்கிறது.

ரீமர் வெள்ளிக்கிழமை வந்தது. இரண்டரைச் சுற்றிலேயே பிசிறு போய்விட்டது. இப்போது மார்க்கர் கோடுகள் ஏறக்குறைய முழு நீளத்துக்கும் அழிகின்றன. ரீமரை எண்ணெய்த் துணியில் சுற்றி நாளைப் பேருந்தில் திருப்பி அனுப்புகிறேன், ஐயா.

மூக்கின் கூரைப் பற்றி நான் கேட்க மறந்திருந்தேன். வேலைக்கு நடுவில் எனக்கே புரிந்தது. 60 பாகைக் கூர் இரும்பு லேத்துக்கு உரியது. இரும்பில் முதலில் மையத்துளை இட்டு அதில் கூரை அமர்த்துகிறார்கள். மரத்தில் அதே கூர் ஆப்பு போல இறங்குகிறது. இறங்க இறங்கப் பிடி தளர்கிறது. தளரத் தளர நாம் இறுக்குகிறோம். சிறு கூரும் அதைச் சுற்றி ஒரு வளைய விளிம்பும் உள்ள கிண்ண மூக்கு என்றால், விளிம்பு மரத்தில் பதிந்ததும் அதற்கு மேல் இறங்காது. இறுக்க வேண்டிய தேவையும் குறையும். அடுத்து அத்தகைய சென்டர் ஒன்றை வாங்கப் போகிறேன்.

மரத்தைச் சுழற்றும் ஹெட்ஸ்டாக் பக்கத்து முள் சென்டரை மரத்தில் பதிப்பதற்கும் இதுவரை டெயில்ஸ்டாக் சக்கரத்தைத்தான் பயன்படுத்தி வந்தேன். இப்போது மரத்தின் முனையில் ரம்பத்தால் குறுக்குக் கோடு கீறி, மேசையிலேயே முள் சென்டரை வைத்துக் கொட்டாப்புளியால் இரண்டு தட்டுத் தட்டிப் பதித்துவிட்டுப் பிறகுதான் லேத்தில் ஏற்றுகிறேன். லைவ் சென்டருக்கு மிஞ்சுவது மரத்தைத் தாங்கும் வேலை மட்டுமே. மரத்தைக் கையால் சுழற்றும்போது மூக்கும் வழுக்காமல் கூடவே சுழல்கிறது என்று தெரிந்ததும் சக்கரத்தை விட்டுவிடுகிறேன். பதினொன்றாம் தூணை இப்படி இருபது நிமிடம் ஓட்டிவிட்டுத் தொட்டுப் பார்த்தேன். மூக்கு வெதுவெதுப்பாக மட்டுமே இருந்தது. முன்பின் ஆட்டம் டயல் கேஜில் 0.02 மில்லிமீட்டருக்குள் இருக்கிறது.


பெகு பட்டறை, பகோ

கடாயில் பேரிங் வறுத்த முதல் ஆள் நீங்களாகத்தான் இருப்பீர்கள், தம்பி. சாக்குக்குப் பட்டு நூல் என்று சொன்னதைத் திரும்பப் பெறுகிறேன். என் மருமகனிடமும் இதே மாதிரிச் சென்டர் இருக்கிறது. மூடி அசைய மறுக்கிறது. மூடியின் மரை வலப்புரியா, இடப்புரியா? ஸ்பேனர் செய்வதற்குத் துளைகளின் அளவும் வேண்டும்.


தேக்குத்தூள், ரங்கூன்

அண்ணன், என்னுடையது வலப்புரி; முன்னாலிருந்து பார்க்கும்போது கடிகார முள்ளுக்கு எதிராகத் திருப்பினால் கழல்கிறது. துளைகளின் விட்டம் 4 மில்லிமீட்டர், மையத்திலிருந்து மையம் 29 மில்லிமீட்டர். முதலில் மண்ணெண்ணெயில் ஓர் இரவு ஊற விடச் சொல்லுங்கள். நான் செய்த ஸ்பேனர் சும்மாதான் கிடக்கிறது. வேண்டுமானால் ரீமரோடு சேர்த்து நாளைப் பேருந்திலேயே போட்டுவிடுகிறேன், மோல்மீன் போகும் வழியில் பகோவில் நீங்கள் இறக்கிக்கொள்ளலாம்.